எந்த டார்ச் விளக்கை வாங்குவது?

இரவில் மடை திருப்பச் செல்லும் விவசாயிக்கும், மின்சாரம் நின்ற வேளையில் தறிக்குழியில் அறுந்த இழையைத் தேடும் நெசவாளிக்கும், கையில் ஒரு நல்ல விளக்கு எத்துணை அவசியம் என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் எது நல்ல விளக்கு என்பதை எடுத்துக் கூறவேண்டிய நிலைமை இப்பொழுது ஏற்பட்டிருக்கிறது. அதற்குக் காரணமும் நாமே ஆவோம்.

சென்ற தீபாவளியை ஒட்டி நமது பண்டகசாலை வாயிலாகச் சார்ஜ் செய்யக்கூடிய எல்.இ.டி. டார்ச் விளக்குகள் அங்கத்தினர்களுக்கு விற்கப்பட்டன. கைக்கு அடக்கமானவை, விலையும் குறைவு, பெட்டியின் மேல் ஒரு கிலோமீட்டர் தூரம் ஒளி பாயும் என்று அச்சிட்டிருந்தது. இப்பத்திரிகையும் அவற்றைப் பாராட்டி நாலு வரி எழுதியது. மழை தொடங்கிய பின்னர் நம் அங்கத்தினர் ஒருவர், இரவு ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தவுடன் பம்புசெட்டைப் போட்டுவிட்டு, அவ்விளக்குடன் வரப்பில் நடந்தார். எதிர்க்கரையிலிருந்த தென்னைமரத்தின் குருத்து அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலடியில் கிடந்த கண்ணாடி விரியன் தெரியவில்லை. உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பினார். எனினும் ஒரு நடவுக்காலம் முழுவதும் அவர் வயலில் இறங்க இயலவில்லை. அவர் நம்மைக் குறை கூறவில்லை. ஆயினும் சோதித்துப் பாராமல் விற்றதும் புகழ்ந்ததும் நமது பிழை என்பதை ஒப்புக்கொள்வதே முறையாகும்.

இது ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று தள்ளிவிடத் தக்கதன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள். இவற்றில் பெரும்பாலானவை கிராமத்து உயிர்கள்; பாதிக்கு மேற்பட்டவை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் போனவை. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. ஆகவே, டார்ச் விளக்கு என்பது நமக்கு விளையாட்டுச் சாமான் அன்று. மண்வெட்டியைப் போல் அதுவும் ஒரு தொழிற் கருவியே.

தொழிற் கருவியையும் கச்சாப் பொருளையும் சோதித்து வாங்குவது நமக்குப் புதிதன்று. நாற்பதாம் நம்பர் நூல் என்று சீட்டு ஒட்டியிருந்தால் மட்டும் நெசவாளி ஒப்புக்கொள்வதில்லை. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு ராத்தல் நிற்கிறதா என்று நிறுத்துப் பார்க்கிறார். விவசாயியும் நூறு விதையை ஈரச் சாக்கில் முடிந்துவைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிய பிறகே விதைக்கிறார். நூலுக்கும் விதைக்கும் உள்ள இந்த எச்சரிக்கை விளக்குக்கு மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று?

பெட்டியின் மேல் காணும் எண்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று லூமன், விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியின் அளவு அது. மற்றொன்று ஒளி பாயும் தூரம். இத்தூரம் ஒளி ஒரு திசையில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அச்செறிவின் அளவைக் காண்டலா என்பர். அமெரிக்காவில் 2009-ல் வகுக்கப்பட்ட ஒரு தர அளவின்படி, வெளிச்சம் கால் லக்ஸ் அளவுக்குக் குறையும் இடமே ஒளி பாயும் தூரம் எனப்படும். கால் லக்ஸ் என்பது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். இக்கணக்கில் 10,000 காண்டலா உள்ள விளக்கு 200 மீட்டர் பாயும். அதைப்போல் இரு மடங்கு, அதாவது 400 மீட்டர் பாய வேண்டுமானால், 40,000 காண்டலா வேண்டும். தூரம் இரட்டிக்கச் செறிவு நான்கு மடங்காக வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிறிய விளக்கில் இச்செறிவை எவ்வாறு உண்டாக்குகிறார்கள்? உள்ள ஒளியையெல்லாம் ஒரு குறுகிய கற்றையாகத் திரட்டிவிடுகிறார்கள். மடையிலே வரும் தண்ணீரைக் குழாயில் அடைத்துப் பீச்சினால் நெடுந்தூரம் போகும், பாத்தி நனையாது. ஒளியின் சமாசாரமும் அதுவே. தூரத்துக்குப் போன ஒளி காலடிக்கு இல்லை. வரப்பில் நடப்பவருக்கு வேண்டியது காலடியும், அதற்கு முன்னே பத்தடியும், இரு பக்கத்துப் புல்லும் ஒருங்கே தெரியும்படி விரிந்த வெளிச்சம். அதற்கு 100 அல்லது 200 லூமன் போதும்.

காட்டுப்பன்றிக் காவலுக்குத் தூரத்து ஒளி வேண்டாமா என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. பரண்மேல் இருந்து காவல் காப்பவருக்குக் குறுகிய கற்றை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது பரணுக்கு ஒன்று இருந்தால் போதும். ஆளுக்கு ஒன்று வேண்டுவதில்லை. அதை வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கலாம் என்று எண்ணுவதே ஆபத்து.

இனி, பாட்டரியின் விஷயம். இக்காலத்து நல்ல விளக்குகளில் பெரும்பாலும் லிதியம் பாட்டரி இருக்கிறது. 18650 என்று குறிக்கப்படும் உருளை வடிவமான செல் மிகவும் பரவியுள்ளது. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு 2,500 மில்லி ஆம்பியர் மணி எனக் கொள்வோம். அதனை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 9 வாட் மணி ஆகும். ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைக்கிறது என வைத்துக்கொண்டால், அந்தச் செல் 100 லூமன் ஒளியை ஒன்பது மணி நேரம் தரும். அல்லது 900 லூமன் ஒளியை ஒரு மணி நேரம் தரும். இரண்டையும் சேர்த்துத் தர இயலாது. பத்து மரக்கால் நெல்லை ஒரு நாளில் உண்டாலும் பத்து நாளில் உண்டாலும் நெல் பத்து மரக்காலே.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடைப் பெட்டிகளைப் பாருங்கள். 10,000 லூமன், பத்து மணி நேரம் என்று போட்டிருக்கும். அதற்கு 1,000 வாட் மணி வேண்டும். அதாவது நூற்றுக்கு மேற்பட்ட செல்கள். செல் ஒன்று சுமார் 45 கிராம் எடை. ஆகவே பாட்டரி மட்டும் ஐந்து கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் விளக்கில் அது எங்கே இருக்கிறது? அதுபோலவே, ஒரே செல்லில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவுள்ள செல் 3,500-ஐ ஒட்டியே நிற்கும்.

விலை மலிந்த பெரிய விளக்குகள் சிலவற்றில் ஈயப் பாட்டரி வைத்திருப்பார்கள். அது தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து பாட்டரி செத்துப்போகும். நடவு முடிந்ததும் விளக்கைப் பரணில் போட்டுவிடும் வழக்கமுள்ள நமக்கு அது ஒவ்வாது. லிதியம் பாட்டரி அவ்வளவு விரைவில் கெடாது. பாதி சார்ஜில் வைத்து எடுத்து வைக்கலாம். ஆனால் அதற்கு வெயில் ஆகாது. உப்பிய செல்லை எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடக்கூடாது, தீப்பற்றும். அந்தச் செல்லைக் குப்பையில் எறிவதும் தகாது. பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022-ம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தியாளருடையது.

எல்லாவற்றிற்கும் மேலாக நாம் வற்புறுத்த விரும்புவது, செல்லைக் கையால் கழற்றி மாற்றக்கூடிய விளக்கையே வாங்கவேண்டும் என்பதாகும். ஒட்டி மூடிய விளக்கில் பாட்டரி தளர்ந்தால் விளக்கு முழுவதும் வீண். ரூபாய் கொஞ்சம் கூடினாலும் மாற்றக்கூடியதே கடைசியில் மலிவு. சார்ஜ் செய்யும் செலவோ பொருட்டன்று. நாள்தோறும் முழுதாகச் சார்ஜ் செய்தாலும் மாதத்திற்கு அரை யூனிட்டைத் தாண்டாது.

நெசவாளர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளியின்மேல் மஞ்சள் பூச்சுப் பூசி உண்டாக்கப்படுவது. அதில் சிவப்பு குறைவு. ஆகவே அரக்குச் சாயமும் குங்குமச் சாயமும் அவ்வொளியில் தம் நிறத்தைக் காட்டா. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பு இடுகிறார்கள். சாதாரண டார்ச்சுகள் 70-ஐ ஒட்டியவை. 90-க்கு மேற்பட்டவையும் கிடைக்கின்றன. விழுதிலும் அச்சிலும் அறுந்த பாவு இழையைத் தேட எந்த விளக்கும் உதவும். கரையின் சாயத்தை ஒத்துப் பார்ப்பதற்கு மட்டும் 90-க்கு மேற்பட்டது வேண்டும். அதனினும் பகல் வெளிச்சமே உத்தமம்.

அடுத்து வரும் மகாசபையில் நிர்வாகக் குழுவினர் முன் நாம் வைக்க விரும்பும் யோசனைகள் எளியவை. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு விளக்குகளை வாங்கி, விவசாயி ஒருவர், நெசவாளி ஒருவர், மின்வேலை தெரிந்தவர் ஒருவர் ஆகிய மூவர் சோதிக்கட்டும். முதற் சோதனை: முழுதாகச் சார்ஜ் செய்து மாலையில் ஏற்றி, சுவரில் விழும் ஒளியை மணிக்கொரு முறை பார்த்து, எப்பொழுது மங்குகிறது என்று குறித்துக்கொள்வது. இரண்டாவது: இருட்டில் இடுப்பளவில் பிடித்து வரப்பில் நடந்து, காலடியும் முன்னுள்ள பத்தடியும் சேர்ந்து தெரிகின்றனவா என்று பார்ப்பது. மூன்றாவது: வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு எடுப்பது. ஐ.பி.எக்ஸ். 7 என்று குறித்துள்ள விளக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி தாங்க வேண்டும், ஐ.பி.எக்ஸ். 4 என்பது தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். நான்காவது: ஈரக் கையால் பொத்தானை இயக்குவது. இவற்றுக்குப் பெரிய ஆராய்ச்சிசாலை வேண்டுவதில்லை.

லிதியம் செல்லின்மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு விளக்கையும் ஏற்கலாகாது. தனி மனிதர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு விளக்குக்கு ஆர்டர் கொடுக்கும் சங்கம் கேட்டால் பதில் சொல்வார். மாற்றுச் செல்களையும் அதே ஆர்டரில் சேர்த்து வாங்கிப் பண்டகசாலையில் வைக்கலாம். கூட்டுறவின் பலன் விலையைக் குறைப்பதில் மட்டும் இல்லை. ஏமாறாமல் இருப்பதிலும் இருக்கிறது.

சென்ற ஆண்டு விற்ற விளக்குகளைத் திருப்பித் தர விரும்பும் அங்கத்தினர்களுக்கு, விலையில் ஒரு பகுதியையேனும் புது விளக்கின் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதும் நமது கருத்து. இதனால் சங்கத்திற்குச் சிறிது நஷ்டம் ஏற்படும். அங்கத்தினரின் நம்பிக்கை அதனினும் பெரிய முதல்.

எவ்வளவு நல்ல விளக்கானாலும் அது கவசமாகிவிடாது. இரவில் கால்மூடிய செருப்பும் கைத்தடியும் வேண்டும். கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். அங்கே போடும் விஷமுறிவு மருந்து பாம்பின் விஷத்திலிருந்தே தயாராவது. அவ்விஷத்தை எடுத்துத் தருவோரில் முதன்மையானவர்கள், 1978-ல் அமைந்து சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். நம் அங்கத்தினர் ஒருவரின் உயிரை மீட்ட மருந்தின் பின்னும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பு இருக்கக்கூடும் என்று எண்ணுகையில் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. கூடவே வெட்கமும் உண்டாகிறது. அவர்கள் தங்கள் வேலையைச் சோதித்துச் செய்தார்கள். நாம் சோதியாமல் செய்தோம். அடுத்த மழைக்கு முன் நமது பிழையைத் திருத்திக்கொள்வோமாக.