பயற்றங்கொடியும் நம் பிள்ளைகளும்



வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் விரைந்து காய்க்க வழி யாது எனப் பெற்றோர் சிலர் நம்மை வினவுவதுண்டு. அதற்கு விடை கூறி, அதனினும் முதன்மையான ஒரு கருத்தையும் இவ்வாண்டு மலரில் முன்வைக்க விழைகின்றோம்.

விதைத் தேர்வே விரைவுக்கு முதற்படி. சந்தையில் வாங்கும் குட்டைப் பீன்ஸ் குளிரை நாடுவது. கேமரன் மலையில் செழிக்கும் அச்செடி, பினாங்கின் வெப்பத்தில் பூவை உதிர்த்துவிடும். நம் வெயிலுக்கு ஏற்றது பயற்றங்காயே. மலாய் மக்கள் 'காச்சாங் பஞ்சாங்' என்பதும் இதனையே. ஐந்தாறு நாட்களில் முளைத்து, ஏறத்தாழ 50 நாட்களில் முதற்காய் தரும்.

வெயில் நன்கு படும் இடத்தில் மண்ணைக் கொத்தி, மக்கிய எருவைக் கலந்து, குழிக்கு இரண்டு மூன்று விதைகளை விரற்கணு ஆழத்தில் ஊன்றுக. நாற்றைப் பிடுங்கி நட வேண்டா. வேர் நொந்தால் வளர்ச்சி தடைப்படும். கொடி வீசுமுன் ஆறடிக் கழிகளை நாட்டுக. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. ஆதலின் யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை அடரும், காய் குறையும். அசுவினிப் பூச்சி கண்டால் சவர்க்கார நீரை மெல்லத் தெளித்துக் கழுவுக. காய் முற்றுமுன் இரண்டு நாட்களுக்கொரு முறை பறித்தால் கொடி தொடர்ந்து பூக்கும். நாள்தோறும் கண்காணிப்பதே இதில் பேருரம்.

இனி நம் கருத்துக்கு வருவோம். பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்தால் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். "மண்ணில் உழன்றது எங்களோடு போகட்டும், எங்கள் பிள்ளை பேனா பிடிக்கட்டும்" என்கின்றனர். பால்மரக்காட்டில் தலைமுறைகளாய் உழைத்தோரின் வேதனை அது. அதனை நாம் மதிக்கின்றோம். ஆயினும் பிறர் நிலத்தில், பிறர் குறித்த கூலிக்கு உழைப்பது வேறு. நம் உணவை நாமே விளைவிப்பது வேறு. முன்னதிலிருந்து பிள்ளைகளை விடுவிக்கப் புகுந்து, பின்னதையும் மறக்கடித்தல் தகுமோ?

வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றிய பின், 1945 வரை அரிசி அரிதாயிற்று. வீட்டோரம் விளைந்த மரவள்ளிக் கிழங்கே பல குடும்பங்களைக் காத்தது. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீடுதோறும் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தார். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, வாசலில் விளைந்த காயின் அருமையை மீண்டும் உணர்ந்தோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதன் தலைவராய் நெடுங்காலம் தொண்டாற்றி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும் நஞ்சில்லா வீட்டுத் தோட்டத்தை வலியுறுத்தி வந்தமை நாம் அறிந்ததே.

லயத்தின் ஓரத்தில் பாட்டியர் பந்தல் போட்டுக் காய்கறி வளர்த்த காலம் ஒன்றுண்டு. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அங்கே நிலமில்லை; எனினும் வெயில்படும் நடைக்கூடமும், அடியில் துளையிட்ட பழைய வாளியும் ஒரு கொடிக்குப் போதுமன்றோ?

ஆதலின் ஒவ்வொரு மாணவரும் ஆளுக்கொரு பயற்றங்கொடி வளர்த்தல் வேண்டும் என்பது நம் துணிபு. வாரந்தோறும் உயரத்தை அளந்து எழுதுக, அது கணிதம். பூ, காய், பூச்சி ஆகியவற்றை நோக்கிக் குறித்து வைக்க, அது அறிவியல். முதற்காயை அன்னையிடம் கொடுக்க, அது பண்பு. பேனா பிடிக்கும் கை மண்ணையும் அறிந்தால் அதன் மதிப்பு குறையாது. பெற்றோர்களே, தடை சொல்லாது, ஒரு வாளியும் சிறிது மண்ணும் தந்து உதவுமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.