சுண்டக்கஞ்சியும் பெல்ஜியம் பீரும்



போன வாரம் நம் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காசிமேட்டிலிருந்து வந்து என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இன்று அமெரிக்காவில் இன்ஜினியர், வீட்டிலேயே பெல்ஜியம் வகை பீர் தயாரிக்கிறான். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, கோதுமையும் சேர்த்து, சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறான். முளைத்த தானியத்தில் இருக்கும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. அதை வடிகட்டி, ஹாப்ஸ் பூ, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறான். சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க அங்கே 1978-லேயே சட்டம் வழிவிட்டது. எல்லோரும் "சயின்டிஸ்ட்டுடா நீ" என்று கைதட்டினீர்கள். நானும்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொரு பையன் நினைவுக்கு வந்தான்.

அவன் அம்மா குப்பத்தில் சுண்டக்கஞ்சி விற்றவர். கஞ்சியைப் பானையில் புளிக்கவைத்து விற்ற காசில்தான் அவனுக்கு நோட்டுப் புத்தகம். ஒருநாள் போலீஸ் வந்து பானைகளை உடைத்தது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் அவனை "கஞ்சி, கஞ்சி" என்று கூப்பிட்டார்கள். நான் அதட்டவில்லை. "நீயாவது ஒழுங்கா இரு" என்று அவனிடமே சொன்னேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பிழிகிறார்கள். பார்லிக்குச் செய்வதும் இதே வேலைதான். பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் கடற்கரைப் பெண்களின் கைவேலை போலீஸ் ஸ்டேஷன் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

"டீச்சர், கள்ளச்சாராயச் சாவை மறந்துட்டீங்களா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2023-ல் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது மெத்தனால். அது ஆலைக்குப் போகவேண்டிய ரசாயனம். பானையில் புளித்த சோறு அல்ல.

யாரும் வீட்டில் காய்ச்சுங்கள் என்று நான் சொல்லவில்லை. இங்கே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். குடியால் அழிந்த வீடுகளை எண்ணூர் முதல் ராயபுரம் வரை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறட்டும். ஆனால் ஒரே வேலையை ஒருவர் செய்தால் திறமை, இன்னொருவர் செய்தால் கேவலம் என்று நாம் நினைப்பதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை. அது நம் மனசு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி, உன்மேல் எனக்கு வருத்தமே இல்லை. நன்றாகச் செய்திருக்கிறாய்.

அந்த இன்னொரு பையன் எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் பேரை இங்கே எழுதவேண்டாம். அவன் அம்மா இருந்தால், நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்