கடைசி வரிசைக் காதுக்கு ஒரு மைக்

மைக் வராத காலத்து நாடக மேடையில், கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடினார்கள் கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும். அந்தத் தொண்டை நமக்கு வாய்க்கவில்லை. அந்தக் காலத்துக் காதும் இப்போது நம்மிடம் இல்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ ஓய்வூதியர் கூட்டம், இலக்கியச் சந்திப்பு, திருவாசக முற்றோதல் என்று எங்கே போனாலும், வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆகவே கார்ட்லெஸ் மைக் வாங்கப் போகும் குழுவினர் கடைசி வரிசைக் காதை நினைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

வயர் இல்லாத மைக்கின் அருமை முற்றோதலில்தான் தெரியும். 51 பதிகங்களையும் பாடி முடிக்க ஒரு பகல் ஆகிவிடும். ஆளுக்கொரு பதிகமாக மைக் கை மாறிக்கொண்டே இருக்கும். முட்டி வலிக்காரர் எழுந்து வர வேண்டாம். யார் காலிலும் வயர் இடறாது. ஆனால் பேட்டரி? இரண்டு பென்சில் பேட்டரி போடும் மைக்குகள் பல, சுமார் ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான் தாங்கும். உள்ளேயே சார்ஜ் ஏறும் மைக்கைவிட, பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய மைக்கே நமக்கு நல்லது. பாதியில் நின்றால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டு மேலே பாடலாம்.

அடுத்தது அலைவரிசை. மலிவான செட்டுகளில் அது ஒன்றே ஒன்றுதான், மாற்ற முடியாது. கடலூரில் ஒரு முகூர்த்த நாளில், பக்கத்து மண்டபத்து மாப்பிள்ளை அழைப்பு அறிவிப்பு எங்கள் கூட்டத்து ஸ்பீக்கரில் வந்தது. சிரித்தோம், பேச வந்தவருக்குத்தான் பேச்சு போயிற்று. எனவே சேனல் மாற்றும் வசதியுள்ள யு.எச்.எப். செட்டாகக் கேளுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் பழைய செட்டை யாராவது சல்லிசாகத் தந்தாலும் வேண்டாம். 2022 ஏலத்தில் அந்த அலைவரிசையை வாங்கிய ஜியோ அதில் 5ஜி நடத்துகிறது. 865 முதல் 867 வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005இலேயே மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. அந்த எல்லைக்குள் கிடைத்தால் நிம்மதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குகள் வைஃபையோடு இடத்தைப் பங்கு போடுபவை; சிறிய அறைக்குப் போதும்.

ரிசீவரில் இரண்டு ஆண்டெனா இருந்தால் மட்டும் போதாது. ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறும் 'டைவர்சிட்டி' வகையா என்று கேட்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் தூரமெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. நடுவே மனித உடம்பு வந்தாலே சிக்னல் குறையும். ரிசீவரை மேடைக்கு அடியில் தள்ளாமல், மைக்குக்கு நேர்ப்பார்வையில் உயரமாக வையுங்கள்.

மைக்கின் தலை 'டைனமிக் கார்டியாய்டு' வகையாக இருக்கட்டும். முன்னால் வரும் குரலை வாங்கி, பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். பாட்டுக்காரர்கள் இன்னமும் அதை விடவில்லை. ஆனால் சில அரசியல் பேச்சாளர்களைப் போல வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் குணம் போய்விடும், ஊளைதான் மிஞ்சும். வெள்ளிக் கடற்கரையில் கூட்டம் என்றால் ஒரு ஸ்பாஞ்சு உறை அவசியம். இல்லாவிட்டால் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் கேட்கும்.

எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு: எக்கோ. கல்மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி இருக்கிறது. அதன் மேல் மைக் செட்காரர் எக்கோவையும் திருகிவிட்டால், காதுக் கருவி வைத்திருப்பவருக்கு ஒரு சொல்லும் பிரியாது. அவர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டு இருப்பார். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். பாட்டுக்கு ஒரு துளி இருக்கலாம், பேச்சுக்கு வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், நன்கொடைப் பணத்தில் நான்கு மைக் உள்ள பளபளப்பான செட்டைவிட, தரமான கார்ட்லெஸ் ஒன்றும், அவசரத்துக்கு வயர் மைக் ஒன்றும் போதும். வாங்குமுன் கூட்டம் நடக்கும் இடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, ஒருவரைப் பேசவிட்டு, குழுவிலேயே காது மந்தமானவரைக் கடைசி நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் 'கேட்கிறது' என்றால் பணத்தைக் கொடுங்கள்.