பட்டினி கிடக்கும் பல்லி

சுவரில் ஊர்ந்தால் விரட்டுகிறோம். தோளில் விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். பேச்சின் நடுவே சத்தமிட்டால், "பார்த்தாயா, பல்லியே சொல்லிவிட்டது!" என்று சந்தோஷப்படுகிறோம். பல்லிக்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் பேரக் குழந்தைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிற சகோதரிகளில் சிலர், அங்கே பல்லிக்குக் கண்ணாடி மாளிகை கட்டி வைத்திருப்பதைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். அதோடு போயிற்றா? மகனும் மருமகளும் வேலைக்கும், பேரன் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, அதைக் கவனித்துக் கொள்ளும் பொறுப்பு யார் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தலையில்தான்!

அது நம் வீட்டுச் சுவர்ப் பல்லி அல்ல. மஞ்சள் உடலில் கறுப்புப் புள்ளிகள் இருப்பதால் சிறுத்தைப் பல்லி என்று பெயர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு ஓரம் ஆகிய வறண்ட பாறைப் பிரதேசங்கள்தாம் அதன் பூர்வீகம். நம் பல்லிக்கு இல்லாத கண் இமை அதற்கு உண்டு. நம் பல்லிக்கு உள்ள ஒட்டும் பாதம் அதற்கு இல்லை. சுவர் ஏறத் தெரியாது. நன்றாக வளர்த்தால் 15, 20 வருஷம் இருக்கும். பேரன் கல்லூரிக்குப் போகும்போதும் உடன் இருக்கக் கூடிய பிராணி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டது ஒரு நாள் ஆகாரத்தைத் தொடுவதில்லை. புழுவைப் பார்க்கிறது, முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. குழந்தை கண் கலங்கிக் கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். சாப்பிடாத குழந்தையைக் கண்டால் எப்படியாவது ஊட்டிவிட வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கும், இல்லையா? அந்தக் கையைக் கட்டிப் போடுவதுதான் முதல் காரியம். வாயைப் பிளந்து திணித்தால் தாடை காயப்படும். பயத்தினால் மறுபடியும் பட்டினி கிடக்கும். அது ஏன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடியுங்கள். சாப்பாடு தானே வரும்.

முதலில் பார்க்க வேண்டியது சூடு. நமக்கு உடம்புச் சூடு உள்ளேயே உண்டாகிறது. பல்லிக்கோ வெளியிலிருந்து வர வேண்டும். வயிற்றுக்கு அடியில் சூடு இல்லாவிட்டால் தின்றது ஜீரணமாகாது. ஜீரணமாகாது என்று தெரிந்தால் அது தின்னாது. தொட்டியின் ஒரு பக்கத்துத் தரை 32 டிகிரி சென்டிகிரேடு, அதாவது அமெரிக்கக் கணக்கில் 90 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். மறுபக்கம் 25 டிகிரி போதும். சூட்டுமானியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பயனில்லை. பல்லி படுக்கும் தரையிலேயே அளக்க வேண்டும். வீடு பெருக்கும் இயந்திரத்துக்காக யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருக மறந்திருக்கலாம். அதையும் ஒரு முறை பாருங்கள்!

சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லையா? சில பட்டினிகள் இயற்கையானவை. வீடு புதிது என்றால் ஒன்றிரண்டு வாரம் ஒளிந்து கிடக்கும். தொந்தரவு செய்யாமல் விடுங்கள். தோல் வெளுத்துப் போயிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். ஈரத் துணியோ பாசியோ வைத்த ஒரு சிறு டப்பாவில் துவாரம் செய்து உள்ளே வையுங்கள். உரித்த சட்டையைத் தானே தின்றுவிடும், அருவருப்புப் படாதீர்கள். குளிர் காலத்தில் பெரிய பல்லிகளுக்குப் பசி குறைவதும் உண்டு. பெண் பல்லியானால் ஆண் துணை இல்லாமலேயே முட்டை உண்டாகும். அப்போதும் ஆகாரம் குறையும். அதற்கு ஈர மண் போட்ட பெட்டி ஒன்று தேவை. முட்டையிட முடியாமல் முக்கித் தவித்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

இனி, ருசி கண்ட பூனைக் கதை. பல்லிக்கு உயிருள்ள பூச்சிதான் ஆகாரம். கீரையும் பழமும் ஆகாது. சுவர்க்கோழி, மாவுப்புழு, கரப்பு இவை கடையில் கிடைக்கும். மெழுகுப்புழு என்று ஒன்று விற்கிறார்கள், முழுக்கக் கொழுப்பு. பேரன் ஆசையாகத் தினமும் அதைக் கொடுத்திருப்பான். தினமும் ஜாங்கிரி சாப்பிட்ட பிள்ளை ரசம் சாதத்தைத் தொடுமா? அதை நிறுத்திவிட்டு, அசைந்தோடும் சுவர்க்கோழியை அந்தி நேரத்தில் விடுங்கள். அதுதான் பல்லி விழித்துக் கொள்ளும் வேளை. பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தை மிஞ்ச வேண்டாம். பூச்சிக்கு முதல் நாளே காரட், கீரை கொடுத்து வயிற்றை நிரப்பி, விடுமுன் கால்சியம் பொடியில் புரட்டுங்கள். இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். மிஞ்சிய சுவர்க்கோழியை இரவே எடுத்துவிடுங்கள். அது தூங்கும் பல்லியைக் கடிக்கும். தோட்டத்துப் பூச்சியும் வேண்டாம்; மருந்து தெளித்திருப்பார்கள். வளர்ந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் ஆகாரம் போதும். குட்டிக்குத்தான் தினமும்.

கவலைப்பட வேண்டிய பட்டினி எது என்று எப்படித் தெரிந்து கொள்வது? வாலைப் பாருங்கள். கொழுப்பைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அதுதான். வால் பருமனாக இருந்தால் சில வாரப் பட்டினியைத் தாங்கும். வாரம் ஒரு நாள் சிறு தராசில் நிறுத்து, குழந்தையை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 60 கிராம் இருந்தது 54-க்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். வால் குச்சியாக மெலிந்தாலோ, பேதியானாலோ, கண் திறக்காவிட்டாலோ, தாடை வீங்கினாலோ எடையைக்கூடப் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். குடலில் கிருமி இருக்கலாம். தொட்டியில் பரப்பிய மணலைத் தின்று அடைத்திருக்கலாம். நோயைக் காட்டிக் கொள்ளாத ஜாதி இது. வெளியே தெரிகிறது என்றாலே முற்றிவிட்டது என்று பொருள்.

பல்லி நிறுக்கும் தராசு சமையலறைக்கு வரக் கூடாது. அதன் உடம்பில் பேதி உண்டாக்கும் கிருமி இருக்கலாம். தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் தோட்டத்தில் கண்ட ஓணானையும் பல்லியையும் பிடித்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பிராணிகளைப் பிடித்து வைப்பது குற்றம்.

மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கும் சகோதரிகள், இன்றைக்கே பேரனைக் கூப்பிட்டு, சூட்டுமானியையும் தராசையும் எடுத்துவரச் சொல்லுங்கள். "பசிக்கும்போது அது தானே தின்னும், அதற்குள் நீயும் நானும் பார்த்து எழுதி வைப்போம், வா" என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். பல்லி தின்கிறதோ இல்லையோ, குழந்தை அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவான்.