அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்

ஒயரிங் வேலைக்குப் போகும் பையன்களைப் பார்த்தால் “பேசாமல் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிடு” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் உதவிப் பயிற்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் படிப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் இருபத்து மூன்று வயதில் நாள் கூலியை நம்பி ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பவனுக்கு இந்த யோசனை உதவாது. அவனுக்கு ஏற்ற வழி வேறு. சட்டப்படி இருக்கிற அந்த வழியைத்தான் நாம் சேர்ந்து அடைத்து வைத்திருக்கிறோம்.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வருகிற பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யை மிஞ்சிய வழி கிடையாது. இரண்டு வருடப் படிப்பு. அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. முடித்தால் தேசியத் தொழிற் சான்றிதழ். அதை வைத்துப் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஆனால் வகுப்பு நடப்பது பகலில். கூரைக்குக் கான்கிரீட் போடுகிற அன்று குழாய் பதிக்க ஆள் வேண்டும், அதுவும் பகலில்தான். இரண்டு வருடக் கூலியை விட்டுவிட்டு எந்த வீடு தாங்கும்?

என் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். காடி வெட்டுவது, ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுப்பது, பெட்டி வைப்பது, டி.பி. கட்டுவது எல்லாம் அத்துபடி. ஒரு நாள் சாயங்காலம் வந்து, “சார், மூணு மாசத்துல சர்டிபிகேட் தர்றாங்களாம். சேரட்டுமா?” என்று கேட்டான். “அதை வச்சு லைசென்ஸ் வாங்க முடியுமான்னு கேட்டியா தம்பி?” என்றேன். கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. நலவாரிய அட்டையையே லைசென்ஸ் என்று நினைத்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த அட்டை நல உதவிக்கானது, வேலை தெரியும் என்பதற்கான சான்று அல்ல. மத்திய அரசின் திறன் திட்டத்தில் முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தருகிற சான்றிதழும் ஒன்று இருக்கிறது. கம்பெனியில் வேலை கேட்கும்போது காட்டலாம், தவறில்லை. ஒயரிங் செய்வதற்கான உரிமம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தத் தம்பியைப் போன்றவர்களுக்காகவே ஒரு தேர்வு இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று பெயர். நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். தேறியவர்கள் கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் சான்று பெறலாம். ஹெல்பருக்கு எச், வயர்மேனுக்கு பி, சூப்பர்வைசருக்கு சி என்று தொழிலில் சொல்கிறோமே, அந்த வரிசையில் முதல் படி இது. வேலையில் கழிந்த வருடங்களையே தகுதியாக ஏற்றுக்கொள்கிற வழி என்பதால், கூலிக்குப் போகிறவன் முதலில் இதைத்தான் பிடிக்க வேண்டும் என்பேன். இன்னும் கொஞ்சம் படிக்கத் துணிவு இருந்தால் ஐ.டி.ஐ.யின் அகில இந்தியத் தொழிற் தேர்வையே, அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. அறிவிப்பு வரும்போது பக்கத்து ஐ.டி.ஐ.யில் விசாரித்தால் சொல்வார்கள்.

“கை பேசினால் போதாதா, காகிதம் எதற்கு?” என்று கேட்கிற மேஸ்திரிகளுக்கு ஒரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு தளம் உள்ள வீடு. கீழ்த்தளத்துக்கு ஒன்று, மேல்தளத்துக்கு ஒன்று என இரண்டு ஆர்.சி.சி.பி. மாடிப்படி விளக்கைப் போட்டதும் கீழே இருப்பது ட்ரிப் ஆகிறது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக எரிகிறது. பார்க்க வந்த பையன் ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுத்துவிட்டான். விளக்கு எரிந்தது, வீட்டுக்காரரும் காசு கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு வேறொரு வேலையாக அங்கே போன நான் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். படி விளக்குக்குப் பேஸ் கீழ்த்தளத்திலிருந்து வந்திருக்கிறது. நியூட்ரலை மட்டும், கைக்கு எட்டுகிறதே என்று, மேல்தளப் பெட்டியில், அங்குள்ள ஆர்.சி.சி.பி.க்கு முன்பாகவே எடுத்திருக்கிறார்கள். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. கீழே புறப்பட்டது மேலே திரும்பினால் அதன் கணக்கில் அது கசிவு. 9 வாட் எல்.இ.டி. பல்பு 230 வோல்ட்டில் 40 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். 30 மில்லி ஆம்பியருக்கான கருவி ட்ரிப் ஆகாமல் என்ன செய்யும்? கருவி சரியாகவே வேலை செய்திருக்கிறது. நியூட்ரலை மாற்றிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாததால், கீசரும் வாஷிங் மிஷினும் ஈரக் கையோடு போடுகிற சுவிட்சுகளும் உள்ள அந்தத் தளம் முழுவதும் பாதுகாப்பு இல்லாமல் கிடந்தது.

அந்தப் பையன் வேலையில் சோடை இல்லை. பெட்டிக்குள் ஒயர்களை அவன் அடுக்கியிருந்த அழகை என் மாணவர்களில் பலரிடம் நான் பார்த்ததில்லை. கருவி ஏன் ட்ரிப் ஆகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். தேர்வுக்குப் படிக்கிறவன் அந்த ‘ஏன்’களைத் தெரிந்துகொள்கிறான்: 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏ.சி.யை ஏன் கொடுக்கக் கூடாது, மெக்கர் எதை அளக்கிறது, டெஸ்டர் எரிந்தால் மட்டும் போதுமா, எர்த் ஒயரைச் சும்மா சுருட்டிப் பெட்டிக்குள் விட்டால் என்ன ஆகும். செய்முறைத் தேர்வில் இவர்கள் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை. பயமெல்லாம் எழுத்துத் தேர்வில்தான். பள்ளிக்கூடத்தோடு பேனாவை விட்டவர்கள். மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, அவர்கள் தினமும் தொடுகிற பொருளை வைத்தே பாடம் நடத்தினால் அந்தப் பயம் சில மாதங்களில் போய்விடும். ஒவ்வொரு அரசு ஐ.டி.ஐ.யிலும் ஒர்க் ஷாப் இருக்கிறது, பலகை இருக்கிறது, சொல்லித் தர ஆள் இருக்கிறது. பகல் வகுப்பு முடிந்ததும் பூட்டுகிற அந்த இடத்தை மாலையில் இவர்களுக்குத் திறந்துவிடப் பெரிய செலவு ஆகாது. என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இதைவிடக் கடினமான தடை ஒன்று இருக்கிறது. ஐந்து ஆண்டு அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தைத் தர வேண்டியவர் காண்ட்ராக்டர். தெருத் தம்பி விஷயத்தில் நடந்தது இதுதான். முதலில் வேலை பார்த்த இடத்தில் கடிதம் கேட்டபோது, “சர்டிபிகேட் வாங்கிட்டு நாளைக்கே தனியாப் போயிடுவ” என்று கைவிரித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் நல்ல மனிதர், தன்னிடம் இருந்த காலத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் உழைத்த வருடங்கள் கணக்கில் வரவில்லை. படித்திருக்கிறான், வேலை தெரியும், வயதும் ஆகிவிட்டது, ஆனாலும் காத்திருக்கிறான்.

காண்ட்ராக்டர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. தொழில் கற்றுக்கொடுத்தவன் போட்டியாக வந்து நின்றால் யாருக்கும் வருத்தம் வரும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளில் 45-ஆவது விதியாக இருந்து, இன்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறைகள் வரை தொடர்வது இது: பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்றவை நீங்கலாக, மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் அது நடக்க வேண்டும். ஒரே சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சான்றில்லாத ஆட்களை அனுப்புகிற காண்ட்ராக்டருக்கு, தன் ஆட்கள் தேறுவதுதான் பாதுகாப்பு. விபத்து நடந்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது அவர் வாசலில்.

துறையும் ஒன்று செய்யலாம். அனுபவத்துக்கு முதலாளியின் கடிதம் ஒன்றே ஆதாரமாக இருக்கும்வரை, தராதவரின் கையில்தான் தொழிலாளியின் எதிர்காலம் இருக்கும். நலவாரியப் பதிவையும் அதன் புதுப்பிப்புகளையும் பார்க்கலாம். வங்கிக் கணக்கில் கூலி வந்திருந்தால் அதைப் பார்க்கலாம். அவனோடு வேலை செய்த, பி அல்லது சி சான்று உள்ள இருவர் தங்கள் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டால் அதையும் ஏற்கலாம். பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் அவர்கள் சான்றுக்கே ஆபத்து என்று வைத்தால் எவரும் துணிய மாட்டார்கள். எஞ்சிய சந்தேகம் எதுவானாலும் செய்முறைத் தேர்வில் தீர்ந்துவிடும். ஐந்து வருடம் ஒயர் இழுத்தவன் கையில் பிளையரைக் கொடுத்தால், தேர்வாளருக்குக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.