பக்கவாதமும் புறா ரத்தமும்



பாலக்கோடு தக்காளி மண்டியில் விடியற்காலையில் கூடை இறக்கிக் கொண்டிருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, வலக்கை தொங்கி, நாக்குக் குழறுகின்றது என்று வைத்துக் கொள்வோம். சுற்றி நிற்பவர்கள் என்ன சொல்லுவார்கள்? ஒருவர் காற்று அடித்து விட்டது என்பார். ஒருவர் பேய் அறைந்து விட்டது என்பார். இன்னொருவர் சனி பிடித்திருக்கின்றது என்று பஞ்சாங்கத்தைத் தேடுவார். பிறகு வீட்டுக்குக் கொண்டு போய் வேப்பிலை அடித்து, விபூதி போட்டு, தாயத்துக் கட்டி, அதுவும் போதாதென்று ஒரு புறாவை அறுத்து அதன் சூடான ரத்தத்தை விழுந்து போன கையிலும் காலிலும் தேய்ப்பார்கள். இத்தனையும் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்குள் பொழுது சாய்ந்து விடும்; அந்த மனிதரும் சாய்ந்து விடுவார்.

நாம் கேட்கின்றோம், கோளாறு கையிலா இருக்கின்றது? ஏரி மதகு உடைந்து கிடக்க, வாடின பயிருக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகின்றவனைப் பைத்தியக்காரன் என்று சொல்ல மாட்டோமா? மண்டைக்குள் ரத்தக் குழாய் உடைந்தோ அடைத்தோ இருக்கும்போது, காலுக்குப் புறா ரத்தம் பூசுவது அதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது?

வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தான். அவன் இந்த நோய்க்கு வைத்திருக்கும் "ஸ்ட்ரோக்" என்ற பெயருக்கே அடி என்றுதான் அர்த்தம். அடித்தது கடவுள் என்று அவனும் நம்பினான். ஆனால் அவர்களில் ஒருவர் செத்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தார். ஸ்விட்சர்லாந்து தேசத்து வைத்தியர் வெப்பர் என்பவர் 1658-லேயே, இப்படி விழுந்து செத்தவர்களின் மூளைக்குள் ரத்தம் கொட்டிக் கிடப்பதைக் கண்டு புத்தகமாக எழுதி வெளியிட்டார். பேய் அறைந்த இடத்தில் பேயைக் காணோம். உடைந்த குழாய்தான் இருந்தது.

நிற்க, குழாய் உடைந்தாலும் கை கால் விழும். கட்டி அடைத்துக் கொண்டாலும் கை கால் விழும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். வைத்தியமோ நேர் எதிர். அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். அதே ஊசியை உடைப்புக்குப் போட்டால் ஆளைக் கொன்று விடும். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவரின் கருவி, உயிரோடு இருக்கின்ற நோயாளியின் மூளையைப் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் இந்தப் பேதம் உடனுக்குடன் தெரியலாயிற்று. சீனாவில் ஆம்புலன்சிலேயே ரத்தக் கொதிப்பைக் குறைத்துப் பார்த்த ஒரு பரீட்சையின் முடிவு 2024-ல் வெளிவந்தது. ரத்தம் கசிந்தவர்களுக்கு அது நன்மை செய்தது. அடைப்பு உள்ளவர்களுக்குத் தீமை செய்தது. கற்றறிந்த டாக்டர்களே படம் பார்க்காமல் தீர்மானிக்க முடியாததை, உடுக்கை அடிக்கின்றவர் குறி பார்த்துச் சொல்லுவாராம்! ஆஸ்பிரின் மாத்திரையை வாயில் போடச் சொல்லும் பக்கத்து வீட்டுப் புத்திசாலியும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்தான்.

ரத்தக் கசிவு வந்தால் தலையெழுத்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று படித்தவர்கள்கூடச் சொல்லுவதுண்டு. 1945 ஏப்ரல் 12-ந் தேதி அமெரிக்கப் பிரசிடெண்டு ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்துதான் மாண்டார். அன்று அவருடைய ரத்தக் கொதிப்பின் மேல் அளவு 300. உலகத்திலேயே பெரிய பணக்கார தேசத்தின் தலைவருக்கு அன்று தக்க மருந்து கிடையாது. இன்று அந்த மருந்து நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றது. தலையெழுத்தை அழித்து எழுதியது எந்தச் சாமி?

அதோடும் நிற்கவில்லை. நம் இந்தியாவும் இலங்கையும் உட்பட 10 தேசங்களில், ரத்தக் கசிவு கண்ட 7,036 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. அதிசயக் கருவி எதுவும் அதில் இல்லை. ரத்தக் கொதிப்பை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டு வருவது, சர்க்கரையையும் ஜுரத்தையும் அடக்குவது, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகின்றவர்களுக்கு மாற்று மருந்து கொடுப்பது, இவ்வளவுதான். இவற்றை ஒன்றாகச் செய்த இடங்களில் சாவும் முடக்கமும் குறைந்தன. எல்லோரும் எழுந்து நடந்தார்கள் என்று நாம் புளுகத் தேவையில்லை. அது மந்திரவாதியின் தொழில்.

நாட்டு மருந்தை இகழ்கின்றோம் என்று யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். சர்ப்பகந்தி வேர் இந்த நாட்டுச் சரக்குதான். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரீட்சித்து, ரத்தக் கொதிப்பு இறங்குகின்றது என்று 1949-ல் கணக்கோடு எழுதின பிறகு உலகமே அதை வாங்கிற்று. புறா ரத்தத்துக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தால் யாராவது கொண்டு வரட்டும்.

நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலிலேயே கொதிப்பு மாத்திரையைக் கொண்டு வந்து தருகின்றது. வாங்கி மாடத்தில் வைத்து விட்டு, "தலை சுற்றல் இல்லையே, எதற்கு மாத்திரை?" என்கின்றவர்கள் எத்தனை பேர்! ரூஸ்வெல்டுக்குக் கிடைக்காத மருந்து கரப்பான் பூச்சிக்குக் கிடைக்கின்றது.

ஆகவே, வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் மணியைப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ கஷாயமோ ஊற்றாதீர்கள். 108-க்குச் சொல்லி, மண்டையைப் படமெடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டு போங்கள். வழியில் எந்தக் கோயில் வாசலிலும் வண்டியை நிறுத்தாதீர்கள். அடுத்த தடவை கும்பாபிஷேக வசூலுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகின்ற பெரிய மனிதர்களிடம், நம் தாலுகாவில் நடுராத்திரியில் ஒருவருக்குக் கை விழுந்தால் எத்தனை மணிக்குள் மூளைப்படம் எடுக்க முடியும் என்று முதலில் கேளுங்கள். பதில் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.