கோம்பையின் கொம்பும் ஒரு நிரலகத்தின் மௌனமும்

இலக்கியத்துக்கென்று நடத்தப்படும் பக்கத்தில் மென்பொருளின் பிணைப்புப் பிழைகளைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். சிற்றிதழின் அட்டை, மின்னூலின் முகப்பு, நூல் வெளியீட்டு அழைப்பிதழ், நண்பர்களுக்கு அனுப்பும் கவிதைப் படம் என்று இன்று நாம் வெளியிடும் எழுத்தெல்லாம் ஏதோ ஒரு நிரலின் கைவழியேதான் வருகிறது. அந்தக் கை தவறினால் சிதைவது நம் எழுத்து. எனவே இது நிரலர்களோடு முடிந்துவிடும் விவகாரமன்று.

ஓர் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குவோம். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாட்டு நாயினம் ஒன்று இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. ஊரின் பெயரில் மூன்றே எழுத்துகள்: கோ, ம், பை. ஆனால் ஒரு மென்பொருளுக்குத் தமிழ் தெரியுமா என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எளிதில் கிடைக்காது. முதலெழுத்தில் இரட்டைக்கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாக நின்று ககரத்தை அணைத்துக்கொள்கின்றன. நடுவெழுத்தின் தலையில் புள்ளி. கடையெழுத்தில் ஐகாரக் கொம்பு பகரத்துக்கு முன்னால் வந்து அமர்கிறது. தமிழ் எழுத்தின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

இதே பெயரைச் சில நிரல்கள் படமாக்கித் தரும்போது ககரம் முதலில் தனித்து நிற்கும். கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். பகரத்தைத் தாண்டி ஐகாரக் கொம்பு தொங்கும். இப்படிப்பட்ட எழுத்தை விளம்பரப் பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. 'எழுத்துரு சரியில்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல வேளைகளில் எழுத்துருவின்மேல் குற்றமே இல்லை. நிரலோடு பிணைந்திருக்க வேண்டிய ஒரு நிரலகம் பிணையாமல் போயிருக்கிறது. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பாமினி, திஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் போன்ற பழைய குறியீட்டு முறைகளில் எழுத்தின் வடிவங்களே சேமிக்கப்பட்டன. கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பிலும் இருந்தது. எழுத்துரு ஒன்று கையில் இருந்தால் போதும். எந்த நிரலகத்தின் தயவும் வேண்டியதில்லை. யுனிகோடு அப்படியன்று. 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தின் வழியில் வந்த அது, உச்சரிப்பு வரிசையில் சேமிக்கிறது. அதில் கோம்பை என்பது ஆறு குறிகள்: ககரம், ஓகாரக் குறி, மகரம், புள்ளி, பகரம், ஐகாரக் குறி. கொம்பை முன்னே கொண்டுவருவதும், ஓகாரக் குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்துவதும் திரையில் காட்டும் நேரத்தில் வேறொருவர் செய்ய வேண்டிய வேலை.

தேடலுக்கும் அகரவரிசைக்கும் தகவல் பரிமாற்றத்துக்கும் யுனிகோடால் விளைந்த நன்மை பெரிது. அதற்கு ஈடாக நாம் ஒரு சார்பை ஏற்றுக்கொண்டோம். தமிழைச் சரியாகக் காட்ட எழுத்துருவோடு எழுத்தைக் கோக்கும் நிரலகம் ஒன்றும் உடன் வேண்டும் என்றாயிற்று. விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவோடு அந்த வேலையைச் செய்தது யூனிஸ்கிரைப் என்னும் நிரலகம். கட்டற்ற மென்பொருள் உலகில் இன்று அதைச் செய்வது ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்தது. ஓப்பன்டைப் என்னும் எழுத்துரு நுட்பத்தின் பெயரைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் அதுவே உழைக்கிறது. இயங்குதளத்துக்கு ஒன்றாக வெவ்வேறு வழிகளில் எழுத்தைக் கோத்துவந்த லிப்ரே ஆபிஸ், 2017இல் வெளியான 5.3 பதிப்பில் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸையே பயன்படுத்தத் தொடங்கியது.

நிரலகம் ஒரு நிரலோடு எப்படிச் சேர்கிறது? நம் இலக்கணத்தின் புணர்ச்சியை நினைவுகூர்ந்தால் எளிதாகப் புரியும். நிரலர் எழுதிய மூலநிரல் நிலைமொழி, நிரலகம் வருமொழி. தொகுப்பி மூலநிரலை மட்டும் பொறிமொழியாக்குகிறது. 'இந்தச் செயல்கூறு வேறெங்கோ இருக்கிறது' என்று மூலநிரல் சொல்வதை அது நம்பி விட்டுவிடும். அந்த 'வேறெங்கோ' எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பது இணைப்பியின் பணி. கிடைக்காவிட்டால் அது வேலையை நிறுத்திவிட்டுப் பிழைச்செய்தி தரும். லினக்ஸில் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', விண்டோஸில் 'அன்ரிசால்வ்ட் எக்ஸ்டர்னல் சிம்பல்', மேக்கில் 'சிம்பல்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று மூன்று நாவினால் சொல்லப்படுவது ஒரே சேதிதான்: வருமொழி வரவில்லை.

வராததற்குக் காரணங்கள் அளவானவை. நிரலகத்தின் பெயரையே கொடுக்காமல் விட்டிருக்கலாம். பெயர் கொடுத்தும் வரிசை பிறழ்ந்திருக்கலாம்; நிலைநிரலகங்களைக் குனூ இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும் என்பதால், கேட்பவர் முன்னும் கொடுப்பவர் பின்னுமாக நிற்க வேண்டும். 64 பிட் நிரலுக்கு 32 பிட் நிரலகத்தைக் காட்டியிருக்கலாம். சி பிளஸ் பிளஸ் தொகுப்பி, செயல்கூறின் பெயரோடு அது ஏற்கும் தரவுகளின் வகையையும் சேர்த்து உருமாற்றி எழுதும். சி மொழியில் அந்த வழக்கம் இல்லை. இதை அறிவிக்காமல் இரண்டையும் கலந்தால் பெயர் பொருந்தாது. 2015இல் வந்த ஜிசிசி 5 பதிப்பில் சொற்சரத்தின் உள்ளமைப்பு மாறியபோது, பழைய பதிப்பில் கட்டிய நிரலகங்களைப் புதியதோடு பிணைக்க முயன்றவர்கள் இதே பிழைச்செய்தியைச் சந்தித்தார்கள். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் விடாது.

இணைப்பியைத் தாண்டிய பிறகும் ஒரு கண்டம் உண்டு. பகிர்நிரலகங்கள் நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில்தான் ஏற்றப்படுகின்றன. கட்டிய கணினியில் இருந்த நிரலகம், பயன்படுத்துபவரின் கணினியில் இல்லாமலிருக்கலாம். லினக்ஸில் 'எல்டிடி', மேக்கில் 'ஓடூல்', விண்டோஸில் 'டம்ப்பின்' ஆகிய கருவிகள் ஒரு நிரல் யார் யாரை நம்பியிருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டும். நிரலரின் கணினியில் அன்றி, எதுவும் நிறுவப்படாத புதுக் கணினி ஒன்றில் இதைச் சோதிப்பவருக்குப் பாதித் தலைவலி குறையும்.

இதுவரை சொன்ன பிழைகளெல்லாம் நேர்மையானவை என்பது எங்கள் எண்ணம். அவை நிரலரின் நேரத்தைத் தின்னும், பொறுமையைச் சோதிக்கும். ஆனால் நிரல் ஓடாது; ஓடாததால் சிதைந்த தமிழ் எதுவும் வெளியே போகாது. ஆபத்து நாலாவது வகையில் இருக்கிறது. நிரலகம் இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் அது இல்லாமலேயே சமாளி என்று எழுதப்பட்ட நிரல்கள் அவை.

பைத்தான் மொழியில் படங்களை உருவாக்கப் பெரிதும் பயன்படும் பில்லோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அட்டைப்படங்களையும் சான்றிதழ்களையும் நூற்றுக்கணக்கில் தானாக உருவாக்க விரும்புவோர் நாடுவது இதையே. இதில் எழுத்தைக் கோப்பதற்கு ராக்கம் என்னும் நிரலகம் உதவுகிறது. எழுத்து என்றும் எண் என்றும் பொருள்படும் அரபுச் சொல் அது. ராக்கம் தன் பங்குக்கு ஹார்ஃப்பஸையும் ஃப்ரிபிடியையும் சார்ந்திருக்கிறது. ஃப்ரிபிடியின் வேலை அரபு, எபிரேயம் போன்று வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளின் வரிசையைக் கவனிப்பது. 2021இல் வெளியான 8.2.0 பதிப்பு முதல் பில்லோவின் ஆயத்தப் பொதிகளிலேயே ராக்கம் சேர்க்கப்பட்டது. ஆனால் ஃப்ரிபிடியைக் கணினியில் தேடி, ஓடும் நேரத்தில் ஏற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் ராக்கம் இயங்காது. ராக்கம் இயங்காவிட்டால் பில்லோ எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். இடமிருந்து வலமாக மட்டுமே எழுதப்படும் தமிழ், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான நிரலகம் ஒன்று இல்லாததால் உடைகிறது. பிழைச்செய்தி கிடையாது. கோம்பையின் கொம்பு மட்டும் இடம் மாறியிருக்கும்.

இரு கணினிகளில் ஒரே நிரல், ஒரே எழுத்துரு, ஒரே சொல். ஒன்றில் தமிழ், மற்றதில் சிதைவு. காரணம் தெரியாதவர் எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார், பிறகு பாமினிக்கே திரும்பிப் போவார். அச்சகங்களில் பழைய குறியீடுகள் இன்னும் உயிரோடிருப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

தீர்வு கடினமானதன்று. உபுண்டு, டெபியனில் ஃப்ரிபிடி ஒரு பொதியாகவே கிடைக்கிறது. மேக்கில் ஹோம்புரூ வழியே நிறுவலாம். விண்டோஸில் அதன் டிஎல்எல் கோப்பு நிரலகங்களைத் தேடும் பாதையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, நிரலின் மௌனத்தைக் கலைப்பது. ராக்கம் இயங்குகிறதா என்று கேட்கும் வசதி பில்லோவிலேயே உண்டு. முதல் வரியில் அதைக் கேட்டு, இல்லையென்றால் நிரலை நிறுத்திவிடலாம். எழுதும்போது மொழி தமிழ் என்று வெளிப்படையாக அறிவிப்பது இன்னொரு வழி. அப்படி அறிவித்த பின் ராக்கம் இல்லாவிட்டால் பில்லோ ஒப்பேற்றாமல் பிழை காட்டி நின்றுவிடும். தன் மொழியைப் பெயர் சொல்லி அழைப்பவருக்கே உண்மை சொல்லப்படுகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இந்தச் சார்பே வேண்டாம், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு கொடுத்துவிடலாம் என்பது. தமிழக அரசு 2010இல் யுனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 முறை அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அதன் தருக்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அது யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. உலகின் தேடுபொறிகளும் கைப்பேசிகளும் பேசும் தமிழ் அதுவன்று. ஒரு நிரலகத்தைப் பிணைக்கும் சிரமத்துக்கு அஞ்சி எழுத்தையே தனித்தீவாக்குவது சரியான பேரமாகாது.

இரண்டாவது மறுப்பு நிரலர்களிடமிருந்து வரும். எல்லா நிரலகத்தையும் கட்டாயமாக்கினால் பல இயங்குதளங்களில் மென்பொருளைக் கட்டுவதே பெரும்பாடாகிவிடும்; பெரும்பாலான பயனர்களுக்கு இலத்தீன் எழுத்து போதுமே என்பார்கள். கட்டுபவரின் சிரமம் உண்மையானது. ஆயினும் அந்தச் சிரமத்தை யார் தலையில் இறக்குகிறோம் என்பதே கேள்வி. நிரலர் ஒரு நாள் பட வேண்டிய பாட்டை, நிரலகம் என்ற சொல்லையே கேட்டிராத கோம்பைக்காரர் ஒருவர் தன் ஊர்ப்பெயர் ஏன் உடைகிறது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் படுகிறார். வேறு வழி உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. காணொளிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக், படத்தின்மேல் எழுத்துப் பொறிக்கும் தன் வடிகட்டிக்கு 2023இல் வெளியான 6.1 பதிப்பு முதல் ஹார்ஃப்பஸைக் கட்டாயமாக்கிவிட்டது. ஹார்ஃப்பஸ் இல்லாமல் கட்டினால் அந்த வடிகட்டியே இருக்காது. கேட்டால் பிழை வரும். அந்தப் பிழையை நாங்கள் வரவேற்கிறோம்.

1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. நீர் வராவிட்டால் இங்குள்ள உழவர் தன் வயலைக் குறை சொல்வதில்லை. எந்த மடை அடைபட்டது என்று கேட்கிறார். கொம்பு இடம் மாறிய எழுத்தைப் பார்க்கும்போது நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

நிரலர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: தமிழுக்கான நிரலகத்தை 'இருந்தால் நல்லது' என்ற பட்டியலிலிருந்து எடுத்து 'இல்லாமல் ஓடாது' என்ற பட்டியலில் வையுங்கள், வெளியிடும் முன் மூன்று இயங்குதளங்களிலும் கோம்பை என்று எழுதிப் பாருங்கள். இதழாளர்களிடமும் வாசகர்களிடமும் வேண்டுவது: சிதைந்த எழுத்தை ஒற்றுப்பிழையைப் போல, ஏன் அதைவிடக் கடுமையாக, பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஒற்றுப்பிழை கைத்தவறாக இருக்கலாம். இது தமிழைப் படிக்கத் தெரியாத ஒரு பொறி, தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் செய்த வேலை.